ரத்தத்தை விற்கும் கோதா: லாபம் யாருக்கு? காயம் யாருக்கு?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த சன் வேலி பகுதியில் ஒரு சிறிய குஸ்திப் பள்ளி. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி அங்கே நடந்த காட்சியில் ஒரு இளைஞர் கோதாவுக்குள் பாய்ந்தார். நிஜச் சண்டைப் போட்டியில் பழகியவர் அவர். காட்சிக் குஸ்தியில் தேர்ந்தவர் அல்ல. சிறிய அடிதடிக் காட்சி ஒன்றில் அவர் வந்து போவதாக ஏற்பாடு. வந்தவர் எதிரே நின்ற வீரரைத் தூக்கித் தரையில் அறைந்தார். நினைவிழந்து கிடந்தவரின் முகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குத்துகள் விட்டார். மற்றவர்கள் ஓடி வந்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அடித்தவரை அடுத்த மாதம் போலீசார் கைது செய்தனர்.

பழகாத ஆளைக் கோதாவில் ஏற்றிவிட்டது யார்? அவர் என்ன செய்வார், எதோடு நிறுத்துவார் என்று பொறுப்பேற்றது யார்? அமெரிக்காவின் சிறு குஸ்திக் கம்பெனிகளை நோக்கிப் பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விகள் இவை. விடைதான் இன்னும் வந்தபாடில்லை.

எதிரியே பாதுகாவலன்

தாராசிங், கிங்காங் என்ற பெயர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஆடிய ‘பிரீ ஸ்டைல்’ குஸ்தியின் வம்சத்தில் வந்ததுதான் இன்று டெலிவிஷனில் நம் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்கும் அமெரிக்கக் குஸ்தி. இதில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. ‘எல்லாம் பொய்’ என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் முடிவு பொய்யானாலும் விழுவது பொய்யல்ல. பலகையின் மேல் மெல்லிய மெத்தை விரித்த மேடையில் ஒருவர் முதுகடித்து விழும்போது உடம்புதான் அந்த அடியை வாங்குகிறது.

இந்தத் தொழிலின் ரகசியம் ஒன்று உண்டு. யார் எதிரியாகத் தோன்றுகிறாரோ, அவரே பாதுகாவலர். தூக்கி எறிபவர், எறியப்படுபவரின் கழுத்தையும் தலையையும் காக்க வேண்டும். எறியப்படுபவர் தன் உடம்பை நம்பி அவர் கையில் கொடுக்கிறார். இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும். இந்த நம்பிக்கை உடைந்தால் மிஞ்சுவது அடிதடிதான்.

முள்கம்பியும் டியூப் லைட்டும்

குஸ்தியில் ‘ஹார்ட்கோர்’ என்று ஒரு வகை இருக்கிறது. இரும்பு நாற்காலி, மேஜை, முள்கம்பி, குண்டூசி, டியூப் லைட் எல்லாம் இதில் ஆயுதங்கள். ஜப்பானில் அட்சுஷி ஒனிட்டா என்ற வீரர் 1989-ல் தொடங்கிய எப்.எம்.டபிள்யூ. கம்பெனி, முள்கம்பியும் வெடியும் வைத்து ஆடிப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் இந்த வகையைப் பரப்பியது பிலடெல்பியா நகரின் இ.சி.டபிள்யூ. கம்பெனி. பிங்கோ சூதாட்டம் நடந்த ஒரு கொட்டகைதான் அதன் கோட்டை.

இ.சி.டபிள்யூ. ரத்தத்தை மட்டும் நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ, டீன் மலென்கோ போன்ற தேர்ந்த வீரர்கள் அங்கே ஆடினார்கள். கதை இருந்தது, வேகம் இருந்தது, வித்தை இருந்தது. அதைப் பார்த்துக் கடை விரித்த பலர் வித்தையை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. நல்ல பயில்வானை உருவாக்கக் காலமும் பணமும் வேண்டும். முள்கம்பியும் பழைய டியூப் லைட்டும் மலிவு. திறமையை வாங்க வசதியில்லாத கம்பெனி, காயத்தை வாங்கி விற்கிறது.

இ.சி.டபிள்யூ.வின் கணக்கும் சுத்தமானதல்ல. 1996 நவம்பர் 23-ந் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெவியர் என்ற ஊரில் அதன் காட்சி. வர வேண்டிய வீரர் ஒருவர் வரவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி, பயிற்சி பெற்றவன் என்றும் சொல்லி முன்வந்த 17 வயதுப் பையனை அந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். எதிரே நின்றவர் நியூ ஜாக் என்ற வீரர். ரத்தம் காட்ட நெற்றியை பிளேடால் லேசாகக் கீறுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அதைத் தானே செய்யத் தெரியாத பையன், நியூ ஜாக்கையே கீறச் சொல்லியிருந்தான். கத்தி ஆழமாக இறங்கி ரத்தம் பீறிட்டது. பின்னர் நடந்த வழக்கில் நியூ ஜாக் குற்றவாளி அல்ல என்று விடுதலையானார். ஆனால் வயதுச் சான்று கேட்காமல், பயிற்சியை விசாரிக்காமல் பையனை மேடையேற்றிய கம்பெனியை என்னவென்று சொல்வது?

29 ஆண்டுகள் கழித்து சன் வேலியில் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அடிபட்டவர் பழகாதவர். இங்கே அடித்தவர் பழகாதவர். தவறு ஒன்றேதான்.

நகலுக்கு நகல்

இ.சி.டபிள்யூ.வைக் காப்பியடித்த கம்பெனிகளில் முக்கியமானது, லாஸ் ஏஞ்சல்சில் 1999-ல் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் புரோ ரெஸ்லிங் என்ற எக்ஸ்.பி.டபிள்யூ. அதன் முதலாளி ராப் பிளாக்கின் சொந்தத் தொழில் ஆபாசப் படத் தயாரிப்பு. அந்தத் தொழிலின் பணமும் நடிகைகளும் குஸ்தி மேடைக்கு வந்தார்கள். அதிர்ச்சி கொடுத்தால் கூட்டம் வரும் என்பதே கம்பெனியின் மூலதனம்.

2000 ஜூலை 16-ந் தேதி லாஸ் ஏஞ்சல்சில் இ.சி.டபிள்யூ. காட்சி நடந்தபோது, எக்ஸ்.பி.டபிள்யூ. ஆட்கள் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்து கவனத்தைத் திருப்பப் பார்த்தார்கள். வெளியேற்றப்பட்டார்கள். பிறகு வாகனம் நிறுத்தும் இடத்தில் நிஜ அடிதடி. நல்ல ஆட்டம் காட்டிப் பெயர் வாங்குவதை விட்டு, அடுத்தவன் கடை வாசலில் கலாட்டா செய்து விளம்பரம் தேடினார்கள்.

சாபு, டெரி பங்க், ஷேன் டக்ளஸ் போன்ற பெயர் பெற்ற வீரர்களும் எக்ஸ்.பி.டபிள்யூ.வில் ஆடியது உண்மை. ஆள் இல்லாமல் அது கெடவில்லை. ஆட்களை வைத்து என்ன செய்வது என்ற எண்ணம் இல்லாமல் கெட்டது.

இருபதடி போதவில்லை

2000 மார்ச்சில் இ.சி.டபிள்யூ. காட்சியில் நியூ ஜாக்கும் விக் கிரைம்சும் உயரமான பரணிலிருந்து சேர்ந்து விழுந்தார்கள். கனத்த உடம்புக்காரரான கிரைம்ஸ், நியூ ஜாக்கின் தலைமேல் விழுந்தார். நியூ ஜாக்குக்கு மண்டையில் பலத்த அடி. ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று.

அதே இருவரை 2002 பிப்ரவரி 23-ந் தேதி எக்ஸ்.பி.டபிள்யூ. மறுபடி பரணில் ஏற்றியது. இந்தத் தடவை உயரம் சுமார் 40 அடி. கீழே மேஜைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நியூ ஜாக் எறிந்தார். கிரைம்ஸ் மேஜைகளின் மேல் சரியாக விழவில்லை. பெரும்பகுதி தப்பி, கோதாவின் கயிற்றில் மோதி விழுந்தார். உயிர் பிழைத்தது பெரிய அதிசயம். பழைய கணக்கைத் தீர்க்கவே அப்படி எறிந்ததாக நியூ ஜாக் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். அவர் 2021-ல் காலமானார்.

மனதில் பகை வைத்திருப்பவர் கையில் இன்னொருவர் உயிரை ஒப்படைத்து, அதற்கு டிக்கெட் விற்றது கம்பெனி. முதல் விழுகை பழகிப்போன கூட்டத்துக்கு அடுத்ததில் கூடுதல் உயரம் வேண்டியிருந்தது. வித்தையை மறுபடி பார்த்தாலும் அலுக்காது. ஆபத்து ஒரே தடவையில் பழசாகிவிடும். அதனால்தான் இந்தக் கம்பெனிகள் எந்த அளவோடும் நிற்க முடிவதில்லை.

கடையைச் சாத்தியது யார்?

இ.சி.டபிள்யூ. 2001-ல் திவாலானது. கடன் 80 லட்சம் டாலருக்கு மேல். வீரர்களின் சம்பள பாக்கியும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு எக்ஸ்.பி.டபிள்யூ. பிலடெல்பியாவுக்குப் போய், இ.சி.டபிள்யூ. ஆடிய அதே கொட்டகையில் காட்சி நடத்தியது. பெரியவர் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தால் பெரியவராகிவிடலாம் என்று நினைத்தார்கள் போலும்.

2003-ல் முதலாளியின் ஆபாசப் படக் கம்பெனியில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அதே ஆண்டு மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. குஸ்திக் கம்பெனியும் அந்த ஆண்டே மூடப்பட்டது. வழக்கு நீண்டு, 2009-ல் முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை பெற்றார்.

40 அடி உயரத்திலிருந்து மனிதனை எறிந்த கம்பெனியை நிறுத்தியது எந்தப் பாதுகாப்புச் சட்டமும் அல்ல. சம்பந்தமில்லாத வேறொரு வழக்கும், காலியான பணப்பெட்டியும்தான் அதை நிறுத்தின. 2021-ல் அதே பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்துக் காட்சி நடத்தினார்கள்.

தொழிலாளி என்ற பெயரே கிடையாது

நம் வாசகர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. அமெரிக்கக் குஸ்தி வீரர் ‘ஊழியர்’ அல்ல. அவர் தனிக் கான்டிராக்டர். கம்பெனி சொல்லும் நாளில், சொல்லும் ஊரில், சொல்லும் முடிவுக்கு ஆடுகிறார். ஆனால் ஏட்டில் அவர் ‘சுதந்திரத் தொழில் செய்பவர்’. ஊழியர் என்றால் கிடைக்கும் இன்சூரன்சும் நஷ்ட ஈடும் அவருக்கு இல்லை. பெரிய கம்பெனி, கோதாவில் பட்ட காயத்துக்காவது வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்கிறது. சிறு கம்பெனிகளின் ஆட்களுக்குப் பெரும்பாலும் ரசிகர்கள் உண்டியல் குலுக்கித்தான் ஆஸ்பத்திரிச் செலவு நடக்கிறது. சன் வேலியில் அடிபட்டவருக்கும் பொதுமக்களிடம்தான் நிதி திரட்டினார்கள்.

பெரிய கம்பெனியிலும் விபத்து நடக்காமல் இல்லை. 1999 மே 23-ந் தேதி கான்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் மேல்கூரையிலிருந்து இறங்கும் காட்சியில் தவறி விழுந்து இறந்தார். குடும்பத்தார் வழக்குப் போட்டு, 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. போன உயிருக்கு அது ஈடாகாது. ஆனாலும் கேட்பதற்கு ஒரு முதலாளி இருந்தார், கொடுக்கப் பணம் இருந்தது. சிறு கம்பெனியிடம் வழக்குப் போட்டால் மிஞ்சுவது நாலு கம்பமும் மூன்று கயிறும்தான்.

சங்கம் வைக்க முயலவில்லையா? முயன்றார்கள். 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற வீரர், அன்றைய பெரிய கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எப். வீரர்களைத் திரட்டிப் பேசினார். செய்தி முதலாளி காதுக்குப் போய்விட்டது. சொன்னவர் அன்றைய முதல் நட்சத்திரம் ஹல்க் ஹோகன் என்று பின்னர் ஒரு வழக்கில் முதலாளியே சாட்சியம் அளித்தார். வென்ச்சுரா பிற்காலத்தில் மின்னசோட்டா மாநில கவர்னர் ஆனார். சங்கம் மட்டும் வரவில்லை. தொழிற்சங்கம் கண்ட எவருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது.

‘நாடகம்’ என்ற கேடயம்

1989 பிப்ரவரியில் நியூஜெர்சி மாநில செனட் சபைக்கு ஒரு மசோதா வந்தது. குஸ்தி என்பது போட்டி அல்ல, பார்வையாளரை மகிழ்விக்கும் காட்சி என்று அதில் வரையறுத்தார்கள். பெரிய கம்பெனியும் அதைத்தான் வாதாடியது. நாடகம் என்று ஆகிவிட்டால் வீரருக்கும் நடுவருக்கும் லைசென்சு வேண்டாம். ஆட்டத்துக்கு முன் டாக்டர் பரிசோதனை வேண்டாம். இத்தனை காலம் ‘இது நிஜம்’ என்று சத்தியம் செய்தவர்கள், பணம் மிச்சமாகும் என்றதும் ‘இது நாடகம்’ என்று ஒப்புக்கொண்டார்கள்.

நாடகம் என்றால் நாடகத்துக்குரிய ஒழுங்கு வேண்டாமா? சினிமாவில் ஸ்டண்ட் காட்சிக்குக் கயிறு உண்டு, வலை உண்டு, ஒத்திகை உண்டு. மட்டமான ஹார்ட்கோர் கம்பெனியில் இவை எதுவும் இல்லை. சட்டத்திடம் ‘இது நாடகம்’ என்கிறார்கள். ரசிகனிடம் ‘இது நிஜ ரத்தம்’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் லாபம் முதலாளிக்கு. நடுவில் நிற்பவனுக்குத் தழும்பு.

2025 ஏப்ரல் 18-ந் தேதி லாஸ் வேகாஸ் நகரில், கயிறுக்குப் பதில் முள்கம்பி கட்டிய கோதாவில் சாபு தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். வயது 60. இருபத்து மூன்று நாள் கழித்து இறந்துபோனார். அந்த ஆட்டத்துக்கும் சாவுக்கும் முடிச்சுப் போடுவது முறையல்ல. ஆனால் உடம்பெல்லாம் தழும்போடு வாழ்ந்த ஒருவர் 60 வயதில் விடைபெறும் ஆட்டத்தையும் முள்கம்பி நடுவில்தான் ஆட வேண்டியிருந்தது என்பதை யோசிக்க வேண்டும்.

நமக்கென்ன?

இது அமெரிக்காவோடு நிற்கும் கதை அல்ல. 2016 பிப்ரவரியில் உத்தரகண்ட் மாநிலம் ஹல்துவானியில் ‘தி கிரேட் காளி’ நடத்திய காட்சியில், வெளிநாட்டு வீரர்கள் அடித்து அவருக்கே காயம் ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சில நாளில் டேராடூனில் மறுபடி கோதாவில் இறங்கினார். எது நிஜம், எது காட்சி என்று நாடே பேசியது. காட்சிக் குஸ்தி இங்கும் வேர் விடுகிறது. வேர் விடும் பருவத்திலேயே ஒழுங்கும் வர வேண்டும்.

கேட்பது பெரிய காரியம் அல்ல. கோதா அருகே டாக்டரும் ஆம்புலன்சும். ஆடுபவருக்கு வயதுச் சான்றும் பயிற்சிச் சான்றும். காட்சிக்கு முன்பே கட்டிவைக்கும் இன்சூரன்சுப் பணம். இந்த மூன்றும் இல்லாதவருக்கு லைசென்சு இல்லை என்று ஒரு வரி. இதற்குக்கூடக் கட்டுப்படியாகாது என்று ஒரு கம்பெனி சொன்னால், அது நடத்துவது குஸ்தி அல்ல என்று பொருள்.

ரசிகருக்கும் பங்கு உண்டு. சாரத்தில் நின்று வேலை செய்யும் ஒருவர் கால் தவறினால் நாம் பதறுகிறோம். பரணில் நிற்பவரும் அன்றைய கூலிக்கு வந்தவரே. அவர் விழும்போது கை தட்டுவதற்கு முன், அவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்று ஒரு கணம் நினைத்தால் போதும். அந்தக் கைதட்டலை நம்பித்தான் அடுத்த பரணை இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள்.