உளுந்து தரும் போனஸ்!

லீவுக்கு காவிரி டெல்டா பக்கம் போறீங்களா பாஸ்? தை மாசம் நெல் அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னாடியே, நிற்கிற பயிருக்குள்ளே உளுந்து தெளிப்பாங்க, கவனிங்க. உழவும் கிடையாது, தனிப் பாசனமும் கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே போதும். சுமார் 70 நாளில் கையில் காசு! கூடவே, உளுந்தின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அடுத்த நெல்லுக்கு யூரியா செலவும் கொஞ்சம் குறையும்.

ஒரே சிக்கல், அறுவடை மெஷின். அது ஏறினா முளைச்ச உளுந்து நசுங்கிடும். கையால அறுக்கவோ ஆள் கிடைக்கிறதில்லை.

அக்ரி, மெக்கானிக்கல் மக்களே... ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுறீங்களா? வயல்ல ஒண்ணு காத்திருக்கு!