அக்கா சொன்ன வலியும், நான் சொன்ன ஓமத் தண்ணியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் நம் உறவுதான். மறைந்த என் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. "பொம்பளை உடம்பு அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காது வாத்தியாரே, அதான் அப்படி ஆயிடுச்சு" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அங்கே நான் பதில் பேசவில்லை. இங்கே சொல்கிறேன்.

2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டது நினைவிருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வீக்கம், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தோம் என்று மருத்துவமனை அறிவித்தது. "சார், நீங்க போர்டுல சிவப்பு சாக்பீஸ்ல போடுவீங்களே, அந்தக் குழாயா?" என்று உங்களில் சிலர் அன்று கேட்டீர்கள். அதே குழாய்தான். அக்காவுக்கு அதில் வந்தது கிழிசல். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். இதயத்தை ஒட்டிய பகுதியில் இப்படி ஆனால், சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றில் ஒன்றிரண்டு உயிர் போகும் என்பது மருத்துவர்களின் கணக்கு. இதற்கு முதல் காரணம் கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம்.

அக்கா வாழ்ந்தது சதுரங்கப்பட்டினம் பக்கம். 2016-ல் அவருக்கு வயது 66. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்தார். "தம்பி, முதுகுல யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்குதுடா." அன்று திருப்போரூர் கோயிலில் பேரனுக்குக் காதுகுத்து. முப்பது வருடம் இதயப் படம் போட்டுப் பாடம் நடத்திய நான் சொன்னது இதுதான்: "வாயுவா இருக்கும்க்கா. ஓமத் தண்ணி குடி."

அவரும் குடித்தார். காதுகுத்துக்கும் போனார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, இரவு மயங்கி விழுந்தார். 108 வந்து, செங்கல்பட்டு போய், அங்கிருந்து சென்னை போய், அறுவை சிகிச்சை தொடங்கும்போது ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் மூன்றாம் நாள் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. அப்படியே இரண்டரை வருடம் இருந்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதே வீட்டில் மாமாவுக்கு நெஞ்சு லேசாகக் கனத்தது. பத்து நிமிடத்தில் கார் வந்தது. தெருவே கூடியது. யாரும் ஓமத் தண்ணி என்று சொல்லவில்லை. மாமாவின் சர்க்கரை மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. அக்கா தன் பிரஷர் மாத்திரையை "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பெருந்தமனிக் கிழிசலுக்கென்றே 1996-ல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் பெண்கள். ஆனால் அறுவை செய்துகொண்ட ஆண்களில் நூற்றுக்கு 22 பேர் இறக்க, பெண்களில் 32 பேர் இறந்தார்கள். 2019-ல் கனடாவில் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனி அறுவை செய்துகொண்ட 1,653 பேரைப் பார்த்தார்கள். இறப்பு ஆண்களில் 7.4 சதவீதம், பெண்களில் 11. பக்கவாதம் ஆண்களில் 5.5, பெண்களில் 8.8.

"பார்த்தீர்களா, தாங்காது என்றுதானே சொன்னேன்" என்பார் பந்தி உறவினர். அவசரப்பட வேண்டாம். 2004 ஆய்வு இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. பெண்கள் ஆண்களைவிட அதிக வயதில் வந்தார்கள். வலி தொடங்கித் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். வயதை நாம் மாற்ற முடியாது. தாமதத்தை மாற்றலாமே!

இன்னொன்று, அளவு. நெஞ்சுப் பகுதியில் குழாய் 5.5 செ.மீ. வீங்கினால் அறுவை என்பது நெடுங்காலமாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. ஆறடி ஆளுக்கும், ஐந்தடிகூட இல்லாத என் அக்காவுக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாகும்? சின்ன உடம்பில் அதே வீக்கம் பெரிய ஆபத்து. வயிற்றுப் பகுதிக்கு ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 என்று ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். நெஞ்சுப் பகுதிக்கும் உயரம், உடல் அளவைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று 2022 அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தப் பன்னாட்டுப் பதிவேட்டின் பிந்தைய அறிக்கைகளில் ஆண், பெண் வித்தியாசம் குறைந்தும் வருகிறது. பெண் உடம்பு தாங்காது என்பது உண்மையானால் அது குறைந்திருக்காது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: உங்கள் அம்மாவின் பிரஷர் எவ்வளவு என்று இன்றைக்கே கேளுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி வைப்பது மட்டும் போதாது. விழுங்குகிறார்களா என்று பாருங்கள்.

இரண்டு: திடீரென நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல வலி என்று எந்தப் பெண் சொன்னாலும் 108-ஐ அழையுங்கள். இசிஜி நன்றாக இருந்தாலும் "பெருந்தமனியைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, எங்கள் குடும்பத்துக்கு. ஒருவருக்கு இது வந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நானும் அக்காவின் இரண்டு மகன்களும் எக்கோ எடுத்துவிட்டோம். என் தங்கையும் அக்காவின் மகளும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள். நாங்களும் விட்டுவிட்டோம். இவ்வளவு நடந்த பிறகும்!

அம்மா, இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியோடு வருகிறேன். கிளம்பி இருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
செங்கல்பட்டு