திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு?" போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல எழுந்தேன். தேநீர் வந்துவிட்டது, கூட்டம் முடிந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். சங்கத்துக்கென்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தோம். உறுப்பினர் பெயர், முகவரி, ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், வாரிசு விவரம் எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். அமைத்துக் கொடுத்த தம்பி முறையாக ஃபயர்வாலும் போட்டிருந்தார். வீட்டிலிருந்து உறுப்பினர் பட்டியலைத் திறக்க முடியவில்லை என்று நாங்கள்தான் நாளுக்கு நாலு தடவை அவரை நச்சரித்தோம். பொறுக்க முடியாமல் அவர் ஃபயர்வாலையே நிறுத்திவிட்டார். "அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்றார். நாங்களும் சரி என்றோம். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஒரு நாள் காலையில் பட்டியல் முழுவதும் காலி. பிட்காயின் கேட்டு ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் கிடந்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைத் தாய்மார்களின் கணக்கு எண்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. இதற்குப் பிறகும் திருட என்ன இருக்கிறது என்று கேட்டால் எப்படி?

ஃபயர்வால் ஒன்றும் மந்திரம் இல்லை. அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரியும். இணையத்தில் எல்லாமே பாக்கெட் பாக்கெட்டாகத்தான் வருகிறது. ஒவ்வொன்றின் உறை மீதும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எந்தப் பிரிவுக்கு என்ற எண் இருக்கும். அந்தப் பிரிவு எண்ணுக்குத்தான் போர்ட் என்று பெயர். இணையதளத்துக்கு 80, 443. சர்வரை நிர்வகிக்கும் எஸ்.எஸ்.எச். வழிக்கு 22, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு 3306. பாக்கெட் வடிகட்டி, கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. உறையை மட்டும் பார்த்து உள்ளே விடலாமா, கூடாதா என்று முடிவு செய்கிறது. லினக்ஸ் சர்வர்களில் ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் என்ற பெயர்களில் இந்த வசதி இலவசமாகவே கிடைக்கிறது. காசு இல்லை என்ற சாக்குக்கு இடமே இல்லை.

ஆனால் எப்படிப் போடுவது என்பதில்தான் தகராறு. "கெட்டவர்கள் முகவரியைத் தடுத்தால் போதாதா?" என்கிறார்கள். போதாது. கெட்டவன் நாளைக்கு வேறு முகவரியில் வருவான். முதல் விதி 'யாருக்கும் அனுமதி இல்லை' என்பதாக இருக்க வேண்டும். அதன் பிறகு தேவையானவற்றுக்கு மட்டும் ஒவ்வொன்றாக வழி விட வேண்டும். கருவூலத்தில் உத்தரவு உள்ளவருக்குத்தான் பணம். இல்லாதவரிடம் ஏன் இல்லை என்று நாம் விளக்கிக்கொண்டிருந்தோமா?

எங்கள் சர்வருக்கு வேண்டியிருந்தது என்ன? 80, 443 எல்லோருக்கும் திறப்பு. 22 நிர்வகிப்பவருக்கு மட்டும், அதுவும் கடவுச்சொல்லை நம்பாமல் சாவிக் கோப்போடு. 3306 வெளியிலிருந்து ஒருவருக்கும் இல்லை. வீட்டிலிருந்து பட்டியல் பார்க்க வேண்டுமானால் எஸ்.எஸ்.எச். வழியாகச் சுரங்கம் போட்டு உள்ளே போகலாம். சர்வர் தானே தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதில்களுக்கு ஒரு விதி. அவ்வளவுதான். நாங்கள் நச்சரித்த காரியத்துக்கு ஒழுங்கான வழி இருந்தது. பத்து நிமிடம் பொறுமைதான் இல்லை.

இதில் வழக்கமான தவறுகளும் உண்டு. 22ஐத் திறக்கும் விதியை எழுதாமல் எல்லாவற்றையும் மூடினால், பூட்டியவரே வெளியே நிற்பார். ஐபிடேபிள்ஸ் விதிகளைச் சேமிக்காவிட்டால் சர்வர் மறுபடி தொடங்கும்போது அவை காணாமல் போகும். அதன் விதிகள் பழைய வகை ஐபி முகவரிக்கு மட்டும்தான். ஐபி ஆறாம் பதிப்புக்குத் தனியாக எழுத வேண்டும். அதை மறந்தால் முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறப்பு.

"நம்மைப் போன்ற சின்னவர்களை யார் தேடி வருவார்கள்?" என்பது அடுத்த கேள்வி. யாரும் தேடி வர வேண்டியதில்லை. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. மொத்தம் 376 பைட், ஒரே ஒரு பாக்கெட்டில் அடக்கம். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 1434ஆம் போர்ட் திறந்திருந்த இடமெல்லாம் நுழைந்தது. பத்தே நிமிடத்தில், அகப்படக்கூடிய கணினிகளில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. திருத்தம் போடாதவர்கள் கூட அந்த ஒரு போர்ட்டை வெளியாருக்கு மூடியிருந்தால் வாசலிலேயே தடுத்திருக்கலாம். அந்தப் புழு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.

ஃபயர்வால் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. திறந்துவிட்ட 443 வழியாகவே விஷமம் வரலாம். உறையைப் பார்ப்பவனுக்கு அது தெரியாது. மென்பொருளைப் புதுப்பிப்பதும் வேறிடத்தில் நகல் வைப்பதும் தனி வேலைகள். அதற்காக, பூட்டு உடையக்கூடும் என்று யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார்களா?

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். ஃபயர்வாலுக்கு அந்த மொழியில் 'பார்-ஃபெ' என்பார்கள். காட்டுத்தீ தாண்டாமல் இருக்க மரங்களை வெட்டி விடும் வெற்று நிலத்துக்கும் அதே பெயர்தான். அந்த நிலத்தை எப்போது வெட்டுவார்கள்? தீ வருவதற்கு முன்னால். தீ வந்த பிறகு கோடரியைத் தேடுவதில் பயன் இல்லை.

அந்தத் தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டு எழுந்து போய்விட்டோம். அது நியாயம் இல்லை. முப்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள் நாம். திறந்து வையுங்கள் என்று சொன்னவர்களும் நாம்தான். அடுத்த கூட்டத்தில் நான் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது? ஏன் திறந்திருக்கிறது? திறக்கச் சொன்னவர் யார்? மூன்றுக்கும் பதில் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்தோடு ஏற வேண்டும். அதற்கு முன்னால் கணக்கு எண் பறிபோன ஒவ்வொருவருக்கும் நாமே தெரிவிக்க வேண்டும். அதுவரை தேநீர் வேண்டாம்.