வாலிபர் மன்றம் யாருக்கு?

சோளிங்கர் பெரிய மலை நரசிம்மரைப் பார்க்க 1,305 படிகள் ஏறும் கஷ்டம் தீர, 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. கிழவர்கள் கால் நோகாமல் போகட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால், இராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் உழைத்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு, மாலையில் பத்திரிகை படிக்கவும் நாலு விஷயம் பேசவும் ஒரு மன்றம் வேண்டுமென்றால் மாத்திரம், “இடமெங்கே?” என்று கேட்பவர்களுண்டு.

நாமும் அதையேதான் கேட்கிறோம். சேரிக்குள் கட்டினால் ஊரார் எட்டிப் பாரார். ஊருக்குள் கட்டினால் சேரிப் பிள்ளை வாசலோடு நிற்பான். பின் அதற்குப் பொது மன்றமென்ற பெயரெதற்கு? 1997-ல் அறிவித்த சமத்துவபுரத் திட்டத்தில் 100 வீடுகளில் 40-ஐ ஆதிதிராவிடருக்கு ஒதுக்கி, அனைவருக்கும் ஒரே சமுதாயக் கூடம் என்றுதான் வைத்தார்கள். இங்கும் இரு தெருவாரும் நடக்கிற பாதையிலேயே இடம் பாருங்கள். சாவி பெரியதனக்காரர் மடிக்குப் போகாமல், பெண்களும் சேர்ந்த வாலிபர் கமிட்டியிடமே இருக்குமென்று, கடைக்கால் தோண்டுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தோழர்களே.