ஜெனரிக்ஸும் சஸ்பென்ஸ் கணக்கும்

பி.காம் படிப்பவர்களுக்கு சஸ்பென்ஸ் கணக்கு தெரிந்திருக்கும். வங்கியில் பணம் வந்திருக்கிறது, யார் போட்டது என்று தெரியவில்லை. சரி, இப்போதைக்கு இதில் கிடக்கட்டும் என்று தூக்கிப் போட்டு வைப்பார்கள். "இப்போதைக்கு" என்பதுதான் முக்கியம். வருடக் கடைசியிலும் அதில் பெரிய தொகை கிடந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

கூகுளின் கோ மொழியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் வெற்று இன்டர்ஃபேஸ். எந்த மெத்தடும் கேட்காத இன்டர்ஃபேஸ் என்பதால் எண், எழுத்து, பட்டியல் என்று எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். 2012-ல் கோ 1.0 வந்ததிலிருந்து பத்து வருடம் பலரும் இதை வைத்துத்தான் ஓட்டினார்கள். ஏனென்றால் ஜெனரிக்ஸ் வந்ததே 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில்தான். அதே பதிப்பில் வெற்று இன்டர்ஃபேஸுக்கு 'எனி' என்ற சுருக்கப் பெயரும் வந்தது. எழுதுவது சுலபமாகிவிட்டதால் இன்னும் தாராளமாகப் போடுகிறார்கள் :-)

இதில் என்ன தப்பு? இரண்டில் பெரியது எது என்று சொல்லும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். எனி வாங்கி எனி திருப்பித் தருகிறது என்று எழுதினால், ஒரு பக்கம் 500, இன்னொரு பக்கம் "வணக்கம்" என்று கொடுத்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. திரும்பி வருவது எண்தான் என்று நாமே அடித்துச் சொல்ல வேண்டும். அது எண்ணாக இல்லாவிட்டால், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனிக் ஆகி நிற்கும். கம்பைலர் நம்மிடம் சொல்லியிருக்க வேண்டிய தவறை வாடிக்கையாளர் வந்து சொல்வார். ஸ்டாட்டிக் டைப் மொழியை எடுத்ததே இதைத் தவிர்க்கத்தானே?

ஜெனரிக்ஸில் எழுதினால் வரும் இரண்டும் ஒரே டைப், போவதும் அதே டைப், அந்த டைப் ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். மீறினால் கம்பைல் ஆகாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஜெனரிக்ஸ் ஆக்கிவிடலாமா? வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இன்டர்ஃபேஸ் கேட்பது "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று. நீ யார் என்று கேட்காது. கோ மொழியின் ஐஓ பேக்கேஜில் உள்ள 'ரீடர்' நல்ல உதாரணம். அதில் இருப்பது 'ரீட்' என்ற ஒரே ஒரு மெத்தட். ஃபைல், நெட்வொர்க் இணைப்பு, சுருக்கிய ஃபைலைப் பிரிக்கும் ஜிஜிப் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடும். இங்கே ஜெனரிக்ஸ் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது சதுர அடைப்புக்குறி மட்டும்தான்.

ஜெனரிக்ஸ் கேட்பது வேறு கேள்வி. "இங்கே இருக்கும் டைப்பும் அங்கே இருக்கும் டைப்பும் ஒன்றுதானா?"

ஒரு பில்லில் பொருளும் இருக்கிறது, சேவையும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி டைப், ஆனால் இரண்டுக்கும் வரி கணக்கிடத் தெரியும். இவற்றை ஒரே பட்டியலில் போட்டுக் கூட்ட வேண்டுமானால் இன்டர்ஃபேஸ்தான் சரி. மாறாக, ஒரு பட்டியலைக் கொடுத்து அதே வகைப் பட்டியலை வரிசைப்படுத்தி வாங்க வேண்டுமானால் ஜெனரிக்ஸ். 2023 ஆகஸ்டில் 1.21-ல் வந்த ஸ்லைஸஸ், மேப்ஸ் பேக்கேஜ்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான்.

கோ குழுவில் ஜெனரிக்ஸை வடிவமைத்தவர்களில் ஒருவரான இயன் லான்ஸ் டெய்லரும் 2022 ஏப்ரலில் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார். ஒரு மதிப்பின் மெத்தடைக் கூப்பிடுவது மட்டுமே வேலை என்றால் இன்டர்ஃபேஸ் போதும் என்று.

"ஜெனரிக்ஸ் போட்டால் வேகமாக ஓடுமே" என்று சிலர் கிளம்புவார்கள். கோ கம்பைலர் ஒவ்வொரு டைப்புக்கும் தனிப் பிரதி எடுப்பதில்லை. பாயின்டர் டைப்புகள் எல்லாம் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த மெத்தடைக் கூப்பிடுவது என்பதை ஓடும்போது ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அதனால் வேகம் நிச்சயமில்லை, அளந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

என் கணக்கு ரொம்ப எளிது. ஒரே டைப் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் ஜெனரிக்ஸ். வேலை தெரிந்தால் போதும் என்றால் இன்டர்ஃபேஸ். உள்ளே என்ன வரும் என்று நிஜமாகவே தெரியாத இடத்தில், உதாரணமாக முன்பின் தெரியாத ஜேசனைப் படிக்கும்போது, எனி. அதையும் படித்த கையோடு உரிய டைப்புக்கு மாற்றிவிட வேண்டும், சஸ்பென்ஸ் கணக்கைத் தீர்ப்பது போல.

உங்கள் கோடில் எத்தனை எனி கிடக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்!