சுற்றுச்சூழல் அறிக்கைக்கு யார் காசு கொடுப்பது? திருப்பதியின் இரண்டு ஏரிகள் சொல்லும் கதை

சென்னையில் இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி தடாவுக்குள் நுழைந்தால் ஆந்திரா வந்துவிடும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஸ்ரீசிட்டி. 2008-ல் தொடங்கியபோது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரா தன் மாவட்டங்களைப் பிரித்த பிறகு திருப்பதி மாவட்டம். இசுசு வண்டி, டைகின் ஏசி, கேட்பரி சாக்லேட் என்று பலதும் அங்கே தயாராகின்றன. நீங்கள் தினமும் ஏறும் சென்னை மெட்ரோ ரயில்களில் பலவும் அங்கே செய்தவைதான். கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி. அதைத் தாண்டினால் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டு சரணாலயம்.

இப்படி ஒரு தொழிற்பேட்டையோ பெரிய ஆலையோ டவுன்ஷிப்போ வருவதற்கு முன்னால் ஒரு கோப்பு தயாராக வேண்டும். அந்த இடத்தின் நீர், காற்று, மண், மரம், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் என்ன ஆகும் என்று சொல்லும் கோப்பு. எழுதிக் கொடுப்பது சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள். அனுமதி கிடைத்த பிறகு எங்கே எந்த மரம், மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் நிறுவனங்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் காலேஜ் செட்டில் யாராவது ஒருவர் இந்த வேலையில் சேர்ந்திருக்கலாம். நீங்களே யோசித்துக்கொண்டும் இருக்கலாம்.

நல்ல துறைதானே, வளரட்டுமே என்று தோன்றும். ஆனால் எதனால் வளர்கிறது, யாருடைய காசில் வளர்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

சட்டம் உருவாக்கிய சந்தை

இந்தச் சந்தையை உருவாக்கியது சட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது இ.ஐ.ஏ, இந்தியாவில் 1994 ஜனவரியில் கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அன்று வந்த புதிய அறிவிக்கை அதை விரித்தது. சுரங்கம், மின் நிலையம், சிமென்ட் ஆலையோடு நிற்காமல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களும் பட்டியலில் உள்ளன. அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. ஒரு நடுத்தர அபார்ட்மென்ட் வளாகமே அதைத் தொட்டுவிடும். பிறகு, அறிக்கை எழுதும் நிறுவனம் இந்தியத் தர கவுன்சிலின் நாபெட் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. லெட்டர்பேடு வைத்திருந்தால் போதும் என்ற நிலை போய், நீரியல், உயிரியல், காற்று மாசு என்று ஒவ்வொன்றுக்கும் தகுதியான ஆளைக் காட்ட வேண்டியதாயிற்று. ஆக, வேலைகள் உருவாகின.

அடுத்த தள்ளு செபியிடம் இருந்து. 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை வெளியிட்டே ஆக வேண்டும். லிங்க்ட்இன்-ல் நீங்கள் பார்க்கும் ‘இ.எஸ்.ஜி அனலிஸ்ட்’ விளம்பரங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

லேண்ட்ஸ்கேப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பட்டை வேண்டும் என்பது அனுமதிக் கடிதங்களில் அடிக்கடி வந்த நிபந்தனை. அதனால் வேலை உண்டு. விஜயவாடாவில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில் இதற்கென்று முதுகலைப் படிப்பும் உண்டு. ஆனால் 1972-ம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்வது ஆர்க்கிடெக்ட்டுகளை மட்டும்தான். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்குத் தனிப் பதிவு கிடையாது. நர்சரி வைத்திருப்பவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வித்தாளுக்கும் விடைத்தாளுக்கும் ஒரே பர்ஸ்

இப்போது விஷயத்துக்கு வருவோம். அறிக்கை எழுதும் நிறுவனத்துக்கு யார் ஃபீஸ் கொடுப்பது? திட்டத்தைக் கொண்டுவருபவர்தான். ‘இந்த இடத்தில் கட்டாதீர்கள்’ என்று எழுதினால், அடுத்த பில்லை யாருக்கு அனுப்புவது? 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷே, திட்டம் போடுபவரே அறிக்கையும் தயார் செய்யும் இந்த முறை கிட்டத்தட்ட ஒரு ஜோக் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். முறை அதன் பிறகும் மாறவில்லை.

இதன் விளைவுகள் சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். மகாராஷ்டிராவின் ரத்னகிரி பகுதியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடுகள் இருப்பதாக எழுதியிருந்தார்கள். கொங்கண் கரையில் ஏது பிர்ச்? ரஷ்யாவில் ஒரு சுரங்கத்துக்கு எழுதியதை அப்படியே காப்பி அடித்திருந்தது பிறகு தெரியவந்தது. சில நேரம் சிரிக்க முடியாது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில், காடு பற்றியும் மரங்கள் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. கூடுதல் நிபந்தனைகளுடன் 2020-ல்தான் மறுபடி பச்சைக்கொடி.

எல்லா ஆலோசகர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான ஆளையும் சிக்கலில் மாட்டிவிடும் ஏற்பாடு இது என்றுதான் சொல்கிறேன். வேறு ஏற்பாட்டில் அதே அறிவியல் எப்படிப் பேசும்? அதைப் பார்க்க திருப்பதிக்குப் போகலாம்.

பேரூரும் அவிலாலாவும்

திருப்பதியை ஒட்டி இரண்டு பழைய ஏரிகள், பேரூரு, அவிலாலா. 1991-ல் பேரூரு ஏரி நிலத்தில் 150 ஏக்கரை வீடு கட்டுவதற்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு ஆந்திர அரசு ஒதுக்கியது. 1994-ல் அவிலாலா ஏரி நிலம் மாநில வீட்டுவசதி வாரியத்துக்குப் போனது. அரசின் வாதம் நமக்கும் பழக்கமானதுதான். ஏரியில் தண்ணீர் வருவதில்லை, பாசனம் இல்லை, ஊர் வளர்கிறது, வீடு வேண்டும்.

திருப்பதியைச் சேர்ந்த இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நம் தேவகோட்டைப் பக்கத்து நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். ஏரி போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு சொந்தக்காரர் இல்லை, மக்களுக்காக வைத்திருக்கும் அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பு திருப்பதி ஏரிகளுக்குப் பொருத்தியது.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கை அந்தக் கோட்பாட்டுக்காகப் படிப்பார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமானது தீர்ப்பின் கடைசிப் பகுதி. அதற்குள் வீடுகள் கட்டியாகிவிட்டன. இடிக்கச் சொல்லவில்லை. நிலத்தடி நீர் வல்லுநர்களின் அறிக்கையை வைத்து நீதிமன்றம் வேறு சிலவற்றைச் சொன்னது. இனிமேல் கட்டுமானம் கூடாது. பேரூரு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைச் சுத்தம் செய்து மீட்க வேண்டும். நீர் உள்ளிறங்கும் குளத்துக்குக் குறைந்தது 50 ஏக்கர் விட வேண்டும். கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை மழைநீர் சேகரிப்பு. அந்தப் பகுதியில் போர்வெல்லே கூடாது. நிலத்தடி நீர்மட்டம் ஏறுகிறதா என்று பார்க்க அளவுக் குழாய்கள்.

இதை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு நல்ல ஆலோசனை நிறுவனமும் ஒரு நல்ல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. வந்துசேர 15 வருஷம் ஆயிற்று. வல்லுநர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்பவராக இருந்ததால் வந்தது. பில்டருக்குப் பதில் சொல்பவராக இருந்தால் வந்திருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

ஏரி காய்ந்த மாதத்தில் எடுத்த கணக்கு

இன்னொரு நுணுக்கம். இ.ஐ.ஏ அறிக்கைக்கான கள அளவீட்டை வழக்கமாக ஒரு பருவத்துக்கு மட்டும்தான் எடுப்பார்கள், அதுவும் மழை இல்லாத பருவத்தில். மழையில் காற்றுத் தூசி அடங்கிவிடும் என்பதால், காற்று மாசைப் பார்க்க அது சரி. தண்ணீரைப் பார்க்க? மார்ச், ஏப்ரலில் பேரூரு போன்ற ஒரு ஏரியில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது மாடு மேயும் பொட்டல்தான். ஐப்பசி, கார்த்திகையில் சேஷாசலம் மலையில் இருந்து இறங்கும் தண்ணீர் அந்த அறிக்கையில் ஒரு வரியாக வந்தால் உண்டு.

2021 நவம்பரில் அந்தத் தண்ணீர் நேரில் வந்தது. திருப்பதித் தெருக்கள் மூழ்கின, திருமலை மலைப்பாதைகளில் மண் சரிந்தது, சுவர்ணமுகி கரை மீறியது. ராயலசெருவு ஏரிக்கரை கசியத் தொடங்கியதும் கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

இது ஆந்திராக்காரர்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. ஆரணியாறு, கொசஸ்தலையின் துணையான நகரி ஆறு, பாலாற்றில் சேரும் நீவா எல்லாம் பழைய சித்தூர் மாவட்டம் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. அங்கே ஓர் ஏரி மண் மேடானால், பூண்டியிலும் பொன்னையிலும் கணக்கு மாறும்.

அடையாறில் வேறு மாதிரி

லேண்ட்ஸ்கேப் என்றாலே நடைபாதை, கலர் லைட், கொரியன் புல் என்று நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். பல ஊர்களில் ‘ஏரி அழகுபடுத்தல்’ என்பது கரையைச் சுற்றி கான்கிரீட் போட்டு, உள்ளே வரும் ஓடையை அடைத்துவிடுவதாக முடிந்திருக்கிறது. சென்னை அடையாறு பூங்கா அப்படி முடியவில்லை. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய 58 ஏக்கர் கழிமுகத்தை மீட்க அரசு, ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் குழுவை அமர்த்தியது. 1970-கள் முதல் ஆரோவில்லின் செம்மண் பொட்டலில் உள்ளூர்க் காட்டு மரங்களை வளர்த்துப் பழகியவர்கள் அவர்கள். குப்பையை அகற்றி, தண்ணீர் வந்துபோக வழிவிட்டு, இந்தக் கரைக்கு உரிய செடிகளையே நட்டார்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது. கூட்டம் அள்ளும் பார்க்காக அதை ஆக்காமல் ஆட்களின் வரவைக் கட்டுப்படுத்தியதற்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை. அங்கே வாடிக்கையாளர் அரசு. நிலத்தை விற்று லாபம் பார்க்க வேண்டியவர் யாரும் மேஜையின் மறுபக்கம் இல்லை.

உங்களுக்கு இதில் என்ன?

நீங்கள் இந்தத் துறையில் வேலைக்குப் போகிறவர் என்றால், இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: ‘வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த திட்டம் எதாவது உண்டா?’ அந்தக் கேள்விக்கு முன் வரும் மௌனத்தின் நீளத்தைக் கவனியுங்கள். கள அளவீடு எந்த மாதத்தில் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

திருப்பதியிலோ சென்னைப் புறநகரிலோ ஃபிளாட் பார்க்கிறவர் என்றால், 20,000 சதுர மீட்டரைத் தாண்டிய வளாகத்துக்கு அனுமதிக் கடிதம் இருந்தாக வேண்டும். கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது என்பதால், அக்கம்பக்கத்தில் யாருக்கும் விஷயம் தெரிந்திருக்காது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் விண்ணப்பமும் நிபந்தனைகளும் கிடைக்கும். அதில் கூரை மழைநீர் சேகரிப்பு, போர்வெல், மழைநீர் வடிகால் பற்றிய நிபந்தனைகளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள். கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரில் ‘செருவு’ என்று தெலுங்கிலோ ‘ஏரி’ என்று தமிழிலோ இருக்கிறதா என்பதையும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.