கன்னத்தில் ஒரு வெளிர் திட்டு



பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பிள்ளையின் கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. பயப்பட ஏதாவது இருக்கிறதா?" எழுதிய அம்மா எந்த நோயின் பெயரை எழுத மனம் வராமல் விட்டிருக்கிறார் என்பது எனக்குப் புரியும். நானும் அப்படி ஓர் இரவு தூங்காமல் கிடந்தவள்.

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. மே மாதம் முழுக்க ஊரில் வெயிலில் ஆடிவிட்டுத் திரும்பியவளின் வலது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறியிருந்தது. "வயித்துல பூச்சி இருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் என் அத்தை. "கால்சியம் பத்தல" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மறுநாள் காலை அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்தேன். விரலால் தடவினால் லேசாகச் சொரசொரத்தது. மாவு தூவினாற்போல மெல்லிய செதில். திட்டு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துத் தோலோடு கலந்துவிட்டிருந்தது.

தோல் மருத்துவர் கேட்டதும் அந்த இரண்டைத்தான். ஓரம் மங்கலா? மேலே செதில் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அது பிட்டிரியாசிஸ் ஆல்பா. 3 வயது முதல் 16 வயது வரை மிகச் சாதாரணமாக வருவது. தோல் வறண்டு, லேசான கரப்பான் கண்ட இடத்தில் நிறமி குறைந்துபோகிறது. கோடையில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் ஜூன் மாதத்தில் இத்தனை கடிதங்கள். குளித்த ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவி, காரமான சோப்பைத் தவிர்த்தால் போதும். நிறம் திரும்பப் பல மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட.

பூச்சி மாத்திரை அவசியம் கொடுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசே அல்பெண்டசோல் தருகிறது. அது குடலுக்கு நல்லது, இரத்தசோகையைத் தடுக்கவும் உதவும். கன்னத்துத் திட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெண்புள்ளி வேறு மாதிரி இருக்கும். பால் வெள்ளை, வரைந்தாற்போலத் தெளிவான ஓரம், செதில் இருக்காது, அந்த இடத்து முடிகூட நரைக்கலாம். தொட்டால் ஒட்டாது. அதன் பெயரோடு 'குஷ்டம்' என்ற சொல்லைச் சேர்க்கும் வழக்கத்தை நாம் விட்டே ஆக வேண்டும். அந்தச் சொல் எத்தனையோ பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியிருக்கிறது. உண்மையான தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மழுங்கியிருக்கும். ஆனால் முகத்தில் அதை வீட்டில் சோதித்து முடிவு செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம்; முழுதாகக் குணமாகும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். புத்தகங்களில் 'சிவந்த தடிப்பு' என்று படித்துவிட்டு நம் பிள்ளையின் முகத்தில் சிவப்பைத் தேடாதீர்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோதான் தெரியும். மாலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்களே இருக்கக் கண்டு, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து கருந்தோலுக்கென 2020-ல் லண்டனிலிருந்து ஒரு கையேடே கொண்டுவந்தார். நமக்கும் அந்தக் கண் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் தொட்டுப் பாருங்கள்: சூடா, சொரசொரப்பா, தடித்திருக்கிறதா?

மூக்கடியிலும் வாயோரத்திலும் தேன் காய்ந்தாற்போல மஞ்சள் பொருக்குக் கட்டினால் அது கிருமித் தொற்று. பள்ளியில் மளமளவென்று பரவும். துண்டைத் தனியாக வையுங்கள், நகத்தை வெட்டுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஆறிய சில வாரத்துக்குள் காலையில் முகம் வீங்கினாலோ சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஓடுங்கள், சிறுநீரகம் பாதித்திருக்கலாம். முத்துப் போலப் பளபளத்து நடுவில் சின்னக் குழியோடு இருப்பது பாலுண்ணி. வைரஸால் வருவது, பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானே உதிரும். தலைமுடி கட்டி இறுக்குவதும் சுண்ணாம்பு வைப்பதும் வேண்டாம். கண்ணருகே சுண்ணாம்பு எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

வட்டமாக ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரை. இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். மருந்துக் கடையில் கேட்டால் ஒரு டியூப் வரும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது, பூஞ்சையோ உள்ளே படர்ந்துகொண்டே போகிறது. வட்டம் கலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரிவதில்லை. பிள்ளையின் மெல்லிய கன்னத்தோல் இன்னும் மெலிகிறது. என் மகளுக்கும் மருத்துவரைப் பார்க்குமுன் ஒரு வாரம் அப்படி வாங்கித் தடவினேன். திட்டு இன்னும் வெளுத்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் இந்தக் களிம்புகளை விற்பதைத் தடுக்க 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. கேட்காதீர்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் பிள்ளையின் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காய்ச்சலோடு கண் இமை வீங்கினாலும், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகள் காய்ச்சலோடு வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றதற்கெல்லாம் நிதானமாகப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது முகத்தில் பவுடர், மை எதுவும் வேண்டாம். இதுவரை தடவிய டியூபை, காலியாகியிருந்தாலும், மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்